கைடிடம் எப்படிச் சொல்வது? பெங்களூருவில் பிஎச்.டி. செய்யும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மல்லேஸ்வரத்தில் ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். யஷ்வந்த்பூர், ஜக்கூர், கோரமங்களா, நாகரபாவி என்று ஊரின் நாலு மூலையிலிருந்தும் ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள். இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் என்று துறைகள் வேறு வேறு. கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, இதை சார்கிட்ட எப்படிச் சொல்றது?" சார் என்றால் அவரவர் ஆய்வை வழிநடத்தும் கைடு. நான் இதே ஊரில் பிஎச்.டி. முடித்தவள். இப்போது என்னிடம் நான்கு பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததை வைத்து, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டிராஃப்ட் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. சார் தொடவே இல்லை. மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும் கேளுங்கள். மூன்று மாதம் என்பது உங்கள் உதவித்தொகைக் காலத்தில் மூன்று மாதம்.

கேட்கும் விதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். "சார், அந்த டிராஃப்ட் பாத்தீங்களா?" என்றால் "பாக்குறேன்" என்ற ஒரே பதில்தான் வரும். அறுபது பக்கக் கட்டு மேசையில் கிடந்தால் யாருக்கும் கை போகாது. சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி மூன்றாவது அத்தியாயத்தைக் கொடுத்தபோது, பதினேழாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள். "மேடம், இந்த ஒரு பத்தி மட்டும். இந்த முடிவைச் சொல்ல என் தரவு போதுமா? வியாழன் பதினொரு மணிக்கு வருகிறேன்." அந்தப் பத்தியை வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்தேன். அதைப் புரிந்துகொள்ள முந்தைய பக்கங்கள் தேவைப்பட்டன. இரவுக்குள் அத்தியாயமே முடிந்துவிட்டது. அதற்கு முன் அவள் கொடுத்த இரண்டு அத்தியாயங்கள் அதே மேசையில் ஒன்றரை மாதம் கிடந்தன. அது என் தவறு, அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

சின்னதாக ஒரு வேலை, அதற்கு ஒரு நாள். இந்த இரண்டும் இல்லாத கேள்வியைக் கேட்காதீர்கள்.

நேரில் போனால் வாய் வருவதில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பி வந்துவிடுகிறேன்.

இதைச் சொல்லாத தமிழ் மாணவரை நான் பார்த்ததில்லை. மாதா பிதா குரு தெய்வம் என்று கேட்டு வளர்ந்தோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்றும் சொல்லி வளர்த்தார்கள். அந்த மரியாதையை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் சொல்லாதது உங்கள் கைடுக்குத் தெரியாது. உங்கள் மௌனத்தை அவர் "எல்லாம் சரியாகப் போகிறது" என்றுதான் எடுத்துக்கொள்வார்.

போவதற்கு முன் ஒரு தாளில், தமிழில், ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: எனக்கு என்ன வேண்டும்? மாடியில் இதைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறோம். மனக்குறை கடகடவென்று ஒரு பக்கம் வந்துவிடும். வேண்டியது என்ன என்ற ஒரு வரி வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும். ஒரு பையன் "சார் என்னை மதிப்பதே இல்லை" என்று ஆரம்பித்தான். துருவித் துருவிக் கேட்டபோது கடைசியில் அவன் எழுதியது இது: "வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எனக்குத் தனியாக வேண்டும்." முதல் வாக்கியத்துக்குக் கைடு என்ன பதில் சொல்வார்? மறுப்பார், அல்லது புண்பட்டுப்போவார். இரண்டாவதற்குச் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியாக வேண்டும். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருத்தம் நமக்குத் தமிழில் வருகிறது, பேச்சோ ஆங்கிலத்தில் நடக்கிறது. நேராக ஆங்கிலத்துக்குப் போனால் பாடமாகிப்போன பணிவு வார்த்தைகள்தான் வாயில் வரும், கேட்க வந்தது உள்ளேயே நின்றுவிடும்.

அப்புறம், பேசும் நேரத்தைப் பாருங்கள். புராஜெக்ட் அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில், வகுப்புக்குக் கிளம்பும் வாசலில், லிஃப்ட்டுக்குள் இதையெல்லாம் எடுக்காதீர்கள். "சார், வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசணும், எப்போ வரட்டும்?" என்று முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

நேரில் பேசுவதா, மெயில் போடுவதா?

பேச்சு நேரில், பதிவு மெயிலில். மனவருத்தத்தை மெயிலில் கொட்டாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு எழுதிய மெயில் டிராஃப்ட்டிலேயே இருக்கட்டும், காலையில் படித்துப் பார்த்து அழியுங்கள். பேசி முடித்த அன்றே ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: "சார், இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது: இரண்டாவது பரிசோதனையை நிறுத்திவிட்டு, இந்த மாத இறுதிக்குள் முதல் அத்தியாயத்தை முடிக்க வேண்டும். நீங்கள் பத்தாம் தேதிக்குள் கருத்துச் சொல்வதாகச் சொன்னீர்கள். ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற நிலை வந்தால் இது உங்களுக்கும் அவருக்கும் உதவும். பேச்சைத் தெரியாமல் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது வெளியே தெரிந்த நாளில் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

வேலை முழுக்க நான் செய்தது. கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. கேட்கலாமா?

கேட்க வேண்டும். இது எனக்கு நடந்ததால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் நான்காம் ஆண்டில், ஜர்னலுக்கு அனுப்பத் தயாரான கோப்பைத் திறந்தபோதுதான் பெயர் வரிசையைப் பார்த்தேன். லேப்பில் இருந்த போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர்) முதலில், நான் இரண்டாவது. ஒன்றரை வருட வேலை. மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன், சாரையும் போஸ்ட்டாக்கையும் பார்க்காமல் இருக்க. பிறகு ஒரு சீனியர் அக்கா என்னை உட்காரவைத்து, கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எத்தனை படம்? ஒவ்வொன்னுக்கும் நேரா யார் என்ன செஞ்சாங்கன்னு எழுது. போஸ்ட்டாக் செஞ்சதையும் நேர்மையா எழுது."

கட்டுரையில் முடிவுகளைக் காட்டும் படங்கள் ஆறு. நான்கு என் கையால் எடுத்தவை, ஒன்று அவர் எடுத்தது, ஒன்று இருவரும். பகுப்பாய்வுக்கான நிரல் முழுக்க அவர் எழுதியது. இதை எழுதியபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அந்த மூன்று வாரமும் "எல்லாம் நான் செய்தது" என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளையும் லேப் நோட்புக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். சார் பட்டியலைப் படித்தார். "நாலாவது படம் நீயா செஞ்ச?" என்றார். குழுக் கூட்டத்தில் அதைக் காட்டியது போஸ்ட்டாக், அன்று நான் ஊரில் இல்லை. சார் அதை அவருடையது என்றே நினைத்திருக்கிறார். நோட்புக்கில் தேதியோடு என் கையெழுத்து இருந்தது. இருவருக்கும் சம பங்கு என்ற நட்சத்திரக் குறியோடு கட்டுரை வெளிவந்தது. அச்சில் என் பெயர் இரண்டாவதாகவேதான் இருக்கிறது. நான் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டிருக்காவிட்டால் நட்சத்திரமும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பொது அளவுகோல் ஒன்று உண்டு. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, கட்டுரையில் பெயர் இடம்பெற நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், அதன் முழுமைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். வேறு துறைகளிலும் இதைக் காட்டிப் பேசலாம். யார் முதலில் என்ற வரிசையை இந்த அளவுகோல் தீர்மானிப்பதில்லை, அது நீங்கள் பேசி முடிக்க வேண்டியது. வெளிவந்த பிறகு ஜர்னலுக்கு எழுதினாலும், ஆசிரியர்களுக்குள் இருக்கும் தகராறை ஜர்னல் தீர்த்து வைக்காது. நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். அதனால் பெயர்ப் பேச்சைப் பரிசோதனை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். என் லேப்பில் இப்போது முதல் படம் தயாரானதும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். வேலை மாறினால் வரிசையும் மாறும்.

கைடும் தமிழர். "வா, போ, என்னடா" என்று பேசுகிறார். ஒருபக்கம் பாசமாக இருக்கிறது, ஒருபக்கம் எதையும் கேட்க முடியவில்லை.

வெளியூரில் நம் மொழி பேசும் கைடு கிடைத்தால் அப்பா அம்மாவுக்கே நிம்மதி. பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவார், உடம்பு சரியில்லை என்றால் ரசம் வரும். ஆனால் லேப்பில் மற்ற மாணவர்கள் இந்தி, கன்னடம், வங்காளம் பேசுகிறவர்களாக இருந்து, உங்களிடம் மட்டும் தமிழில் வேலை பேசினால், அவர்களுக்கு அது உறுத்தும். நீங்களும் "நம்ம பையன்தானே" என்ற உரிமையில் மாட்டிக்கொள்வீர்கள். வேலைப் பேச்சை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினால் அவரும் தானாக மாறிவிடுவார். அன்பாகப் பேசுவது தமிழிலேயே இருக்கட்டும்.

வீட்டு வேலை சொல்கிறார். டிக்கெட் போடுவது, மகனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது...

ஒருமுறை உதவி, இரண்டாம் முறையும் உதவி. மூன்றாவது முறை அது உங்கள் வேலையாகிவிடும். அதற்கு முன் சொல்லுங்கள்: "சார், இன்னைக்குக் கருவிக்கு ஸ்லாட் போட்டிருக்கேன், விட்டா அடுத்த வாரம்தான்." முடியாது என்ற சொல் வராவிட்டாலும் உங்கள் வேலையின் பெயர் வரட்டும். சேர்ந்த முதல் மாதத்தில் மறுப்பது எளிது, நான்காம் ஆண்டில் மிகக் கஷ்டம்.

எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்.

அந்த இடத்தில் பதில் பேசாதீர்கள். மறுநாள் தனியாகப் போய், "தப்பைச் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். ஆனா குழுக் கூட்டத்துல அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது, இனி தனியா சொல்லுங்க" என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேராவது இதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்கிறார்கள். வெட்கப்படாதவரிடம் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டிய கட்டம் முடிந்துவிட்டது. தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சாதியையோ மொழியையோ இழுத்துப் பேசினால் முதல் முறையே எழுதுங்கள், முதல் முறையே புகார் கொடுங்கள்.

ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அவர்களிடம் சொல்வது கைடுக்குத் துரோகம் ஆகாதா?

ஆகாது. அந்தக் குழு இருப்பதே அதற்குத்தான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளின்படி ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன் வேலையை விளக்க வேண்டும். குழு தரும் பரிந்துரை அறிக்கையின் நகல் உங்களுக்கும் வர வேண்டும். வேலை திருப்தியாக இல்லை என்றால் காரணத்தை எழுத வேண்டும், சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். பலர் அந்த நகலைக் கேட்டு வாங்குவதே இல்லை. வாங்கி வையுங்கள். "உன் வேலை ஒன்றுமே நடக்கவில்லை" என்று பின்னால் ஒருவர் சொன்னால், அரை டஜன் அறிக்கைகள் பேசும்.

குழுவின் முன் கைடைக் குறை சொல்ல வேண்டியதில்லை. "இரண்டாவது அத்தியாயத்துக்கான கருத்துக்காக மார்ச்சிலிருந்து காத்திருக்கிறேன்" என்பது ஒரு தகவல். ஸ்லைடில் ஒரு வரியாகவே போடலாம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு, உங்கள் நிறுவனக் கையேட்டில் இந்தக் குழுவுக்கு வேறு பெயரும் இருக்கலாம். சேர்ந்த அன்று கொடுத்த அந்தக் கையேட்டை இன்று இரவு எடுத்துப் படியுங்கள்.

அதற்கும் மேலே போக வேண்டி வந்தால், 2023-இல் வந்த யுஜிசி விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்து 15 வேலைநாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேட்பு அதிகாரியிடம் முறையிடலாம்.

சண்டை வந்தால் ஃபெலோஷிப்பை நிறுத்திவிடுவார்களா?

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 42,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. மத்திகெரேயில் அறை வாடகை கொடுத்து, ஊருக்கும் கொஞ்சம் அனுப்புகிறவருக்கு ஒரு மாதம் தவறினாலே தாங்காது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பணம் வரவில்லை என்றதும் கைடுதான் நிறுத்திவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் காகிதம் அலுவலகத்தில் எங்கோ கிடக்கும். முதலில் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தத் தாள், யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து? ஜே.ஆர்.எஃப்.-இலிருந்து எஸ்.ஆர்.எஃப்.-க்கு உயர்த்துவதைக் கைடு ஒருவர் தீர்மானிப்பதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு), யுஜிசி உதவித்தொகைகளில் கைடு, துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என மூவர் உட்காருகிறார்கள்.

கைடை மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றியவர்களை எனக்குத் தெரியும். முதல் ஒன்றரை வருடத்தில் என்றால் இழப்பு குறைவு. நான்காம் ஆண்டில் மாற்றினால் தலைப்பே மாறலாம், ஏனென்றால் புராஜெக்ட் பணமும் கருவியும் பழைய லேப்புடையவை. புதியவர் எடுத்துக்கொள்வாரா என்பதை முதலில் மெதுவாக விசாரியுங்கள். விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வைத்துக்கொள்ள முடியாது, இடம் இருக்க வேண்டும். பழைய கைடிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிறர் வாயால் அவருக்குத் தெரியக் கூடாது.

கல்யாணம், குழந்தை என்று சொல்லப் பயமாக இருக்கிறது.

அனுமதி கேட்கும் குரலில் போகாதீர்கள், தகவல் சொல்லும் குரலில் போங்கள். பிஎச்.டி. காலத்தில் பெண்களுக்கு 240 நாட்கள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. உச்ச காலமான ஆறு ஆண்டுகள் போக, மறுபதிவில் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேல் இன்னும் இரண்டு என்று பத்து ஆண்டுகள் வரை இடம் இருக்கிறது. கல்யாணத்தால் ஊர் மாறினால் ஆய்வை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது. விதியின் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனால் குரல் நடுங்காது, நானே கண்டது.

தொடுவது, இரவில் வேண்டாத மெசேஜ், தனியாக வரச் சொல்வது. இதை எப்படிப் பேசுவது?

இதைப் பேசித் தீர்க்க வேண்டியவர் நீங்கள் இல்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உங்கள் நிறுவனத்தில் இருக்கும் உள் புகார்க் குழுவுக்குப் போங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: விசாரணை நடக்கும்போதே, அந்த நபர் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது என்று தடுக்கும்படி குழு பரிந்துரைக்கலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான யுஜிசியின் 2015 விதிகளில் இது இருக்கிறது. மெசேஜ்களை அழிக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் கைடு. மாணவரிடம் "உன் வேலை போதவில்லை" என்று எப்படிச் சொல்வது?

சீக்கிரம் சொல்லுங்கள். நாம் பரிதாபப்பட்டுத் தள்ளிப்போடுகிறோம். ஐந்தாம் ஆண்டில் அது அவர்கள் தலையில் இடியாக இறங்குகிறது. ஒரு மாணவனிடம் நான் இரண்டு வருடம் "பரவாயில்ல, பாக்கலாம்" என்றே சொல்லிவந்தேன். உண்மையைச் சொன்ன நாளில் அவன் கேட்டான்: "மேடம், இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் ஆளைச் சொல்லாமல் தாளைச் சொல்கிறேன்: இந்தத் தரவில் மூன்று மாதிரிதான் இருக்கிறது, பன்னிரண்டு வேண்டும், செப்டம்பருக்குள் முடியுமா, முடியாது என்றால் எதை விடலாம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எதிரில் இருப்பவருக்குப் பேச நேரம் பிடிக்கும்.

இந்த ஊரில் கைடையோ இயக்குநரையோ எதிர்த்துப் பேசி யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

கமலா சோஹோனியைப் பற்றிப் படியுங்கள். 1933-இல் பம்பாயில் பட்டம் பெற்று, இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடம் மறுத்தவர் இயக்குநர் சி.வி. ராமன், நோபல் பரிசு பெற்றவர். கமலா நேரில் வந்து நின்றார், போக மறுத்தார். ஒரு வருடம் சோதனை அடிப்படையில், அவமதிப்பான நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். எம். சீனிவாசையாவிடம் வேலை செய்தார். வருட முடிவில் ராமனே திருப்தி அடைந்து தொடர அனுமதித்தார், பிறகு மற்ற பெண்களுக்கும் கதவு திறந்தது. 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நிபந்தனைகளை ஏற்றது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று நான் பலமுறை நினைப்பதுண்டு. ஆனால் அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதை மாற்றாமல் கேட்டார்.

தூக்கம் வருவதில்லை. லேப் வாசலில் நெஞ்சு படபடக்கிறது.

கைடிடம் பேசுவது அப்புறம் இருக்கட்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்தச் சேவைக்குத் தலைமை மையமே நம் ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான். இன்றைக்கே கூப்பிடுங்கள். அறையில் கூட இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அக்கா, உங்க சார் இப்போ உங்ககூடப் பேசுறாரா?

பேசுகிறார். ஓய்வு பெற்றுவிட்டார். என் மாணவியின் முதல் கட்டுரையைப் போன மாதம் அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை போன் செய்து, முதலில் கேட்டது: "படம் நாலு யார் எடுத்தது?"